வேண்டாத நேரத்தில் நாய் சேர்ந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெட்டை நாய் எதிர்பாராமல் ஆண் நாயோடு இணைசேர்ந்துவிட்டால், அதை வளர்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்தின் அளவு வரும் இடங்களில், அது மருத்துவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காக. வீட்டில் நீங்களே போட்டுப் பார்ப்பதற்காக அல்ல.

1. எங்க நாய் தெரு நாயோட ஒட்டிக்கிட்டு நிக்குது. எப்படிப் பிரிக்கிறது?

பிரிக்கவே கூடாது. சேர்க்கையின்போது ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி பந்துபோல வீங்கிக்கொள்ளும். பெட்டையின் தசைகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். வீக்கம் தானாக வடிந்தால்தான் இரண்டும் விலக முடியும். பொதுவாக 10 முதல் 30 நிமிடம் ஆகும், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இழுத்தாலோ, கல்லால், கம்பால் அடித்தாலோ, தண்ணீரை ஊற்றி மிரட்டினாலோ இரண்டுக்கும் உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டும்.

உங்கள் நாய் உங்களுக்குப் பழகியது என்றால் கழுத்துப் பட்டையைப் பிடித்து, அது உட்காராமலும் புரளாமலும் நிறுத்தி வையுங்கள். தெருவில் வேடிக்கை பார்ப்பவர்களையும் மற்ற நாய்களையும் தள்ளி நிற்க வையுங்கள். முன்பின் தெரியாத ஆண் நாயின் வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

2. ரெண்டே நிமிஷத்துல பிரிச்சுட்டோம். அப்போ சினை ஆகாதுல்ல?

ஆகலாம். விந்தணு நிறைந்த பகுதி ஒட்டிக்கொள்ளும் அந்தத் தொடக்கத்திலேயே வெளியாகிவிடுகிறது. அதன் பிறகு நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுக்க வருவது பெரும்பாலும் வெறும் திரவம்தான். ஒட்டாமல் நழுவிவிட்ட சேர்க்கையிலும் சினை பிடித்தது உண்டு. பிரித்ததால் லாபம் எதுவும் இல்லை, காயம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. உடனே டெட்டால் தண்ணி விட்டு உள்ளே கழுவிட்டா?

வேண்டாம். விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பைக்குள் போய்விடுகின்றன, நீங்கள் கழுவும் இடத்தில் அவை இல்லை. டெட்டாலும் பினாயிலும் அந்த மெல்லிய தோலைப் பொசுக்கும். ஹீட்டில், அதாவது பெட்டை சேர்க்கைக்குத் தயாராகும் பருவத்தில், கருப்பை வாய் திறந்திருப்பதால் கிருமி மேலே ஏறவும் வழி கிடைக்கும். வெளியே அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும்.

4. பொம்பளைங்க சாப்பிடுற 72 மணி நேர மாத்திரை நாய்க்கும் வேலை செய்யுமா?

செய்யாது. அந்த மாத்திரை முக்கியமாக முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டு வேலை செய்வது. நாய்க்கு இது பலன் தராது, ஆபத்தைத்தான் கூட்டும். அது புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த ஹார்மோன். நாயின் உடலில் சினையைத் தாங்கி நிறுத்துவதும், கருப்பையில் சீழ் பிடிக்க வழிசெய்வதும் அதே வகை ஹார்மோன்தான். கலைக்க வேண்டும் என்று நினைத்து, தாங்கும் மருந்தைக் கொடுத்தது போலாகிவிடும்.

5. பப்பாளிக்காய், எள்ளு, அன்னாசி... சூடு ஏத்துறதைக் கொடுத்தா கலைஞ்சிடும்னு பாட்டி சொல்றாங்க.

நாயின் சினைக்கு ஆதாரம் முழுக்க முழுக்கச் சூலகத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன். அந்தச் சுரப்பை நிறுத்தினாலோ, அது கருப்பையில் வேலை செய்யாமல் தடுத்தாலோதான் சினை நிற்காது. சாப்பாட்டால் அது நடக்காது. பாட்டி சொன்னபடி செய்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். போகிற நாட்களும் திரும்பி வராது.

6. இதெல்லாம் கூடாதுன்னா, இன்னிக்கு ராத்திரி நாங்க என்னதான் பண்றது?

முதல் வேலை, காலண்டரில் தேதியைக் குறிப்பது. ஹீட்டின் ரத்தம் முதலில் தெரிந்த நாள், சேர்ந்த நாள் இரண்டும் வேண்டும். இனி நடக்கப்போகும் எல்லாமே இந்த இரண்டு தேதியை வைத்துத்தான். அன்று இரவே செய்தாக வேண்டிய சிகிச்சை எதுவும் கிடையாது. நாயின் கரு கருப்பைச் சுவரில் ஒட்டவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. பதற்றத்தில் செய்வதுதான் கெடுதலாக முடிகிறது.

இரண்டாவது, கழுத்து, காது, தொடை எல்லாம் தடவிப் பார்த்துக் கடி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் கடிபட்டால் மறுபடி போட வேண்டிவரும். பிரிக்கப்போய் உங்களையே கடித்திருந்தால் இதே 15 நிமிடக் கழுவல் உங்களுக்கும்தான். பிறகு நேராக அரசு மருத்துவமனை. அங்கே தடுப்பூசி இலவசம். நாய் விஷயத்தில் இருக்கும் அவகாசம் இதில் இல்லை.

மூன்றாவது, கதவைச் சாத்துங்கள். ஹீட் முடியும்வரை அது மறுபடியும் சேரத்தான் பார்க்கும். 'நடந்தது நடந்துவிட்டது' என்று விட்டுவிட்டால் தேதிக் கணக்கும் குழம்பும். இதையெல்லாம் முடித்துவிட்டு இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

7. ரத்தம் நின்னு நாலு நாள் கழிச்சுத்தான் சேர்ந்துச்சு. ஹீட் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்ன பயம்?

நாங்கள் கேட்கும் தப்புகளிலேயே அதிகக் குட்டிகளுக்குக் காரணமானது இதுதான். நாயின் ரத்தத்தை மனிதர்களின் மாதவிலக்கோடு ஒப்பிடுவதால் வரும் குழப்பம். ரத்தம் சொட்டும் முதல் ஒன்பது நாள் வாக்கில் ஆண் நாய்கள் சுற்றிச் சுற்றி வரும், பெட்டை உறுமி விரட்டும். அதற்குப் பிறகு ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறமாகும் அல்லது நின்றேவிடும். வீங்கி இறுகியிருந்த பிறப்புறுப்பு தளரும். முதுகின் பின்பக்கத்தைத் தொட்டால் வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கும். சினை பிடிக்கும் காலமே அதுதான். அதுவும் ஏறக்குறைய ஒன்பது நாள். சில நாய்களுக்கு மூன்றே நாள், சிலவற்றுக்கு மூன்று வாரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிவந்த முட்டை உடனே கருத்தரிக்காது, முதிர்வதற்கே இரண்டு மூன்று நாள் எடுக்கும். விந்தணுவோ பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம்வரை, சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். அதனால் 'ரொம்ப முன்னாடியே சேர்ந்துவிட்டது', 'ரொம்பத் தாமதமாகச் சேர்ந்தது' என்ற இரண்டு சமாதானங்களையும் நம்ப முடியாது.

8. ஒரே ஒரு தடவை சேர்ந்தா கண்டிப்பா சினைதானா?

இல்லை. தெரியாமல் சேர்ந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் நாய்களில் கணிசமானவை சினையே பிடித்திருக்காது. அதனால்தான் சேர்ந்த மறுநாளே கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவதை விட, பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

முதல் சில நாளில் மருத்துவர் பஞ்சுக் குச்சியால் உள்ளேயிருந்து கொஞ்சம் ஈரம் எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். செல்கள் தட்டையாக, உருக்கரு மங்கிப்போய், செதில் மாதிரி இருந்தால் அது சினை பிடிக்கும் காலம். 24 மணி நேரத்துக்குள் போனால் விந்தணுவே கண்ணில் படலாம். படவில்லை என்பதால் சேரவில்லை என்று ஆகாது. ஹீட் முடிந்து போனதற்கான செல்கள் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம்.

9. சினையான்னு எப்போ தெரியும்? மெடிக்கல்ல விக்குற பிரெக்னன்சி கார்டுல பார்க்கலாமா?

கார்டு உதவாது. அது தேடும் ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதே இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு கோடுதான் வரும். புரோஜெஸ்டிரோன் அளவை ரத்தத்தில் பார்ப்பதும் பயன்படாது, சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹீட்டுக்குப் பிறகு இரண்டு மாதம் அது உயர்ந்தே இருக்கும்.

நம்பத் தகுந்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சேர்ந்த 28-ம் நாள் வாக்கில். குட்டியின் இதயத் துடிப்பே தெரியும். எக்ஸ்-ரேயில் எலும்பு தெரிய 45 நாளுக்கு மேல் ஆகும். எத்தனை குட்டி என்று எண்ணுவதற்கு 55 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்-ரேதான் சரி. ஸ்கேனில் எண்ணிக்கை அடிக்கடி தப்பும்.

10. 28-ம் நாள் ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. முடிஞ்சுதா?

ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். 7-ம் கேள்வியில் சொன்ன கணக்கு இங்கேதான் இடிக்கும். ஹீட்டின் தொடக்கத்தில் சேர்ந்திருந்தால், விந்தணு ஒரு வாரம் காத்திருந்து பிறகு கருத்தரித்திருக்கலாம். உங்கள் கணக்கில் 28-ம் நாளாக இருப்பது கருவின் கணக்கில் 21-ம் நாளாக இருக்கலாம். அந்த வயதில் தெளிவாகத் தெரியாது.

11. எங்களுக்குக் குட்டியே வேண்டாம், எப்பவுமே வேண்டாம். ஆபரேஷன் உடனே பண்ணிடலாமா?

உங்களுக்குத்தான் இருப்பதிலேயே சுலபமான வழி. கலைக்கிற மருந்தும் வேண்டாம், ஸ்கேனுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கருப்பையையும் சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் இந்தச் சினை, அடுத்த ஹீட், கருப்பைச் சீழ் மூன்றும் ஒரே நாளில் தீர்ந்தது.

ஆனால் ஹீட்டின் நடுவில் வேண்டாம். அப்போது ரத்தக் குழாய்கள் பருத்து, திசுக்கள் நொய்ந்துபோய் இருக்கும், ரத்தம் அதிகம் போகும். சேர்ந்து மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்வது வசதி. வீக்கமும் வடிந்திருக்கும், சினையாக இருந்தாலும் கருப்பை இன்னும் பெரிதாகியிருக்காது. 40 நாளைத் தாண்டினால் கருப்பையோடு போகும் ரத்தமும் மயக்க மருந்தின் சுமையும் கூடும். செய்வதா வேண்டாமா என்பது அப்போது மருத்துவர் நாயைப் பார்த்து எடுக்கும் முடிவு. தையல் ஆற 10 முதல் 14 நாள். அதுவரை தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு, குளியல் கிடையாது, மாடிப்படி ஏறக் கூடாது.

12. அடுத்த வருஷம் நல்ல சிப்பிப்பாறையோட சேர்க்கணும்னு இருக்கோம். ஆபரேஷன் வேண்டாம். கலைக்க மட்டும் வழி இருக்கா?

இருக்கிறது. இன்று இருப்பவற்றில் பாதுகாப்பானது அக்லெப்ரிஸ்டோன் என்ற ஊசி. புரோஜெஸ்டிரோன் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்ய விடாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, தோலுக்கு அடியில். சேர்ந்த நாளிலிருந்து 45-ம் நாள்வரை போடலாம். முதல் மூன்று வாரத்தில் போட்டால் கரு கரைந்தே போகும், வெளியே எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு போட்டால் ஒரு வார வாக்கில் கலைந்து வரும். பின்னாளில் போடும்போது நூற்றில் ஐந்து நாய்களுக்குக் கலையாமலோ பாதி கலைந்தோ நிற்கும். அதனால் பத்து நாள் கழித்து ஸ்கேன் கட்டாயம். சங்கடம் என்னவென்றால், இந்த ஊசி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்தால் தேடுவதற்கு நாள் இருக்கும்.

அது கிடைக்காத இடத்தில் இரண்டு மருந்தைச் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். ஒன்று குளோப்ரோஸ்டினால் போன்ற புரோஸ்டாகிளாண்டின் ஊசி, இன்னொன்று கேபர்கோலின் மாத்திரை. இரண்டும் சூலகத்தின் சுரப்பை நிறுத்தும். இவை ஆரம்பத்தில் சரியாக வேலை செய்யாது, 25 நாள் வாக்கில் சினை என்று ஸ்கேனில் உறுதியான பிறகே தொடங்குவார்கள். ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், மாத்திரை தினமும். ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். கருப்பை முழுக்கக் காலியானது ஸ்கேனில் தெரியும்வரை பாதியில் நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், வாந்தி, பேதி எல்லாம் வந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அதனால்தான் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, போட்ட பிறகு மருத்துவமனையிலேயே நடக்க விடுவார்கள். பக் மாதிரி மூக்குச் சப்பை நாய்களுக்கும் இதய நோய் இருப்பவற்றுக்கும் இந்த வழி சரிப்படாது.

13. மாட்டுக்குப் போடுற ஊசிதானாமே அது. மாத்திரையும் மெடிக்கல்ல இருக்கு. வீட்லயே முடிச்சுக்கிட்டா என்ன?

ஒரு கணக்கைப் பாருங்கள். குளோப்ரோஸ்டினால் மாட்டுக்கு 2 மில்லி. 10 கிலோ நாய்க்கு அதே மருந்து 0.1 மில்லியைத் தாண்டாது. சாதாரண சிரிஞ்சில் இதை அளக்கவே முடியாது, கொஞ்சம் கை தவறினாலும் நாய் அதிர்ச்சியில் விழுந்துவிடும். கேபர்கோலினும் அப்படித்தான். மனிதர்களுக்கான 0.5 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்குதான் அந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உடலில் ஏறும்.

பெண்களுக்கான கருக்கலைப்பு மாத்திரைப் பெட்டியை வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. எவ்வளவு, எந்த நாளில் என்று தெரியாமல் கொடுத்தால் பாதி கலைந்து, மீதி உள்ளேயே அழுகும். அந்த நிலையில் வரும் நாய்க்கு அவசர அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் காப்பாற்ற நினைத்த கருப்பை அதோடு போனது.

14. எங்க ஊர்ல ஒரே ஊசியில முடிச்சுடுவாங்களே, சேர்ந்த மூணாம் நாள்?

அது ஈஸ்ட்ரோஜென் ஊசி. ஒரு காலத்தில் எங்கும் அதுதான். சேர்ந்த முதல் வாரத்தில் போட்டால் கரு கருப்பைக்கு இறங்குவதைக் கெடுக்கும். சிக்கல் இரண்டு. கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். எலும்பு மஜ்ஜையையும் தாக்கலாம். மஜ்ஜை பாதித்தால் ரத்த அணு உற்பத்தி குறைந்து, ஈறு வெளுத்து, தோலில் ரத்தப் புள்ளிகள் வந்து உயிரே போகலாம். இது வாரக்கணக்கில் கழித்துத் தெரிவதால் ஊசிக்கும் இதற்கும் முடிச்சுப் போடாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். 8-ம் கேள்வியில் சொன்னபடி சினையே இல்லாத நாய்க்கும் இந்த ஆபத்து சேர்த்துத்தான். நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

15. கலைச்ச பிறகு என்ன பார்த்துக்கணும்?

பழுப்பு நிறத்தில் கொழகொழப்பாகச் சில நாள் வடியும், அது இயல்பு. நாற்றம் அடித்தாலோ, மஞ்சளாகச் சீழ் வந்தாலோ, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலோ, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மடியில் பால் கட்டலாம், பிதுக்காதீர்கள், பிதுக்கப் பிதுக்க இன்னும் சுரக்கும். அடுத்த ஹீட் வழக்கத்தை விட ஒன்று முதல் மூன்று மாதம் முன்னதாகவே வரலாம். காலண்டரை நம்பி அசந்துபோனால் பழைய கதைதான். பின்னாளில் சினை பிடிப்பதில் குறை ஏதும் வராது.

16. கவனிக்கவே இல்லை. இப்போ 50 நாள் இருக்கும், வயிறு நல்லாத் தெரியுது.

இனிக் கலைக்க வேண்டாம். குட்டிகள் உருவாகி எலும்பும் வந்தாயிற்று. கலைப்பது என்பது இப்போது குறைப்பிரசவம்தான், சில குட்டிகள் உயிரோடு பிறந்து சாகும், தாய்க்கும் ஆபத்து. சேர்ந்த நாளிலிருந்து சராசரி 63 நாள், 58 முதல் 72 வரை எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். தயாராகுங்கள்.

சாப்பாட்டைக் கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டி, சிறு சிறு பங்காகப் பல வேளை கொடுங்கள். கால்சியம் டானிக் வேண்டாம். நம் ஊரில் இதை ஆசையாக வாங்கி ஊற்றுகிறார்கள். சினைக் காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் வேலையை உடல் மறந்துவிடும். பால் கொடுக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, நாய் நடுங்கி விறைத்துவிடும். ஈனும்போது அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக வடிந்தாலோ, இரண்டு குட்டிகளுக்கு இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். எட்டு வாரம் ஆகாமல் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

17. எங்களது பொமரேனியன், சேர்ந்தது பெரிய தெரு நாய். குட்டி வெளியே வருமா?

தாயின் கருப்பையும் குட்டியின் வளர்ச்சியை ஓரளவு கட்டுப்படுத்தும். அப்பா பெரியது என்பதால் மட்டும் பிரசவம் நின்றுவிடாது. ஆனால் ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்-ரே எடுத்து, தலை அளவையும் இடுப்பையும் பார்த்து, இரவு இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்யும் இடம் எது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

18. ஏழு மாசக் குட்டிதான், முதல் ஹீட். அதுக்குள்ள சினை ஆகுமா?

ஆகும். ஆனால் அதுவே இன்னும் வளரும் பிள்ளை. சினையைச் சுமக்க விடாமல் 11 அல்லது 12-ல் சொன்னதில் ஒன்றைச் செய்வது நல்லது. இளம் நாய்களில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஹீட் தொடங்கி, முட்டை வராமலே அடங்கி, சில வாரம் கழித்து மறுபடி தொடங்கும். இரண்டாவதாக வருவதில்தான் சினை பிடிக்கும்.

19. ஒரு தடவை நாட்டு நாய் சேர்ந்துட்டா இனிமே ஜாதிக் குட்டியே வராதுங்கிறாங்களே?

பொய். ஒரு சேர்க்கையின் தாக்கம் அந்த ஈற்றோடு முடிந்தது, அடுத்த ஈற்றில் ஒரு சொட்டுகூட மிஞ்சாது. ஆனால் ஒரே ஹீட்டில் இரண்டு ஆண் நாயோடு சேர்ந்தால், ஒரே ஈற்றில் இரண்டு அப்பாவின் குட்டிகளும் கலந்து பிறக்கும். தெரு நாய் சேர்ந்த பிறகு அதே ஹீட்டில் ஜாதி நாயைச் சேர்த்துச் 'சரிசெய்ய' முயல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். சொல்லப்போனால், நாட்டுக் கலப்புக் குட்டி நம் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் பிள்ளை. கேவலம் ஒன்றுமில்லை.

20. ரெண்டு ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டு மாசம் கழிச்சுப் பால் சுரக்குது, பொம்மையைக் கட்டிக்கிட்டுப் படுக்குது!

பொய்ச் சினை. 9-ல் சொன்னபடி சினை இல்லாத நாய்க்கும் இரண்டு மாதம் அதே ஹார்மோன் ஓடி, பிறகு இறங்கும். இறங்கும்போது உடல் 'ஈன்றுவிட்டேன்' என்று நம்பிப் பாலைச் சுரக்கும். மடியைத் தொடாமல் விட்டு, பொம்மையை எடுத்து ஒளித்து, நடையைக் கூட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். மடி கல்லாகி வலித்தால் மட்டும் மருந்து.

21. சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. ஹீட் இல்லை, ஆனா ரத்தம் சொட்டிக்கிட்டே இருக்கு.

தெரு நாயோடு சேர்ந்த நாய்க்கு இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தொற்றும் பால்வினைக் கட்டி. சேர்க்கையில் கட்டியின் செல்களே ஒட்டிக்கொண்டு வளரும். காலிஃபிளவர் மாதிரிச் சிவப்பாக இருக்கும், தொட்டால் ரத்தம் கசியும். நம் ஊரில் இது சகஜம். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் கரைந்துவிடும். முடிக்காமல் நிறுத்தினால் திரும்ப வரும்.

ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சீழ் கலந்து வடிந்து, நாய் சோர்ந்து, தண்ணீராகக் குடித்தால் அது கருப்பைச் சீழ். அது அவசரம். வடியாமல் உள்ளேயே தேங்கும் வகை இன்னும் மோசம்.

22. அடுத்த ஹீட்ல எப்படித் தடுக்குறது? டயப்பர் போட்டா போதுமா?

டயப்பர் தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. ஆண் நாய் அதைக் கிழித்துவிடும். முதல் ரத்தம் தெரிந்த நாளிலிருந்து 25 நாள் வீட்டுக்குள் வையுங்கள். ரத்தம் நின்றாலும் கணக்கைக் குறைக்காதீர்கள். சில நாய்கள் நக்கி நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும், ரத்தமே தெரியாது. வெள்ளைத் துணியால் தினமும் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியே போனால் சங்கிலியோடு மட்டும். மொட்டை மாடியில் விடுவதை நம்ப வேண்டாம், பக்கத்து மாடியிலிருந்து தாவும். கிரில் கேட்டின் கம்பி இடைவெளி வழியாகவே சேர்ந்த கதைகள் உண்டு, அதனால் கேட்டுக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு மூடிய கதவு இருக்க வேண்டும். கற்பூரம், தைலம் தடவி வாசனையை மறைக்க முடியாது, நாய்க்கு எரியும், நக்கினால் விஷம். ஆண் நாய்களை இழுப்பது சிறுநீரில் இருக்கும் வாசனை. வாசலில் சிறுநீர் கழித்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.

23. ஹீட்டே வராம இருக்க ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்காமே?

மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன். பெண்களின் கருத்தடை ஊசிதான். நாய்க்குப் போட்டால் கருப்பைச் சீழ், மடிக் கட்டி, சர்க்கரை நோய் மூன்றுக்கும் வாசலைத் திறக்கும். அதை விடக் கொடுமை, ஏற்கெனவே சினையாக இருப்பது தெரியாமல் போட்டுவிடுவது. 4-ல் சொன்னபடி அது சினையைத் தாங்கும் ஹார்மோன். பிரசவ வலி வராது, குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். தெரு நாய்களுக்கு உதவுகிறோம் என்று இதைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

24. அண்ணன் தங்கச்சி ரெண்டும் ஒரே வீட்லதான் வளருது. அதுங்க சேராதுல்ல?

சேரும். நாய்க்கு அந்த முறையெல்லாம் கிடையாது. தாயும் மகனும்கூட. ஐந்து மாதம் ஆனதும் பிரித்து வையுங்கள். ஆண் நாய்க்கு விதை எடுத்தாலும் அன்றே பாதுகாப்பு வராது. குழாயில் தங்கிய விந்தணு இருக்கும், நான்கு முதல் ஆறு வாரம் தள்ளி வைக்க வேண்டும். அதன் பிறகும் அது பெட்டையோடு ஏறி ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் சினை பிடிக்காது.

25. ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகு ஆபரேஷன் பண்ணினாதான் உடம்புக்கு நல்லதாமே?

அப்படி ஒரு நன்மையும் இல்லை. மாறாக, ஹீட்டுகள் கூடக்கூட மடிக் கட்டி வரும் வாய்ப்பும் கூடுகிறது. சிறிய ரக நாய்க்கு ஆறு மாதம் வாக்கில், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்யலாம். லேப்ரடார் மாதிரிப் பெரிய ரகங்களுக்கு மூட்டு வளர்ச்சியை மனதில் வைத்து ஒரு வருடம்வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஹீட் வந்துவிட்டால், சேர்க்கை எதுவும் நடக்காதபட்சத்தில், இரண்டரை மூன்று மாதம் கழித்துச் செய்வது சரி. உடனே செய்தால் 20-ல் சொன்ன பொய்ச் சினை வரும்.

26. ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. மறுபடியும் ஆண் நாய்ங்க வாசல்ல நிக்குதே?

சூலகத்தின் சிறு துண்டு உள்ளே தங்கியிருந்தால் ஹீட்டின் அறிகுறிகள் திரும்ப வரும். கருப்பையை எடுத்தாயிற்று என்றால் சினை ஆகாது, ஆனால் அதன் அடித்துண்டு உள்ளே மிஞ்சியிருந்தால் அதில் சீழ் பிடிக்கலாம். அந்த 'ஹீட்' நடக்கும் நாட்களிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். 8-ல் சொன்ன பஞ்சுக் குச்சிப் பரிசோதனை அப்போதுதான் உண்மையைச் சொல்லும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஆண் நாய்கள் மோப்பம் பிடித்து வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

27. எங்க தெருவுல ஒரு பெட்டை வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போடுது. யாருகிட்ட சொல்றது?

2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. சென்னையில் 1913-க்கு அழைத்துச் சொல்லலாம். புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி போன்ற இடங்களில் மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது விதி. காதில் ஒரு வெட்டு இருந்தால் ஏற்கெனவே செய்தாயிற்று என்று பொருள், அதை மறுபடி பிடிக்கச் சொல்ல வேண்டாம்.

பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் அவை தானாகச் சாப்பிடத் தொடங்கி, தாயின் மடி வற்றியதும் சொல்லுங்கள். நாய் பிடிக்கும் வண்டி வரும் நாளில் வழக்கமாகச் சோறு வைப்பவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் துரத்தல் இல்லாமல் வேலை முடியும். முந்தின இரவு மட்டும் சோறு வைக்க வேண்டாம். பசித்திருந்தால் கூப்பிட்டதும் வரும், மயக்க மருந்துக்கும் வெறும் வயிறுதான் தேவை.